வாக்குறுதியை வரவில் எழுதாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் நடந்த காலநிலைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள்களாகப் பேசாமல் இருந்தேன். அன்று அரங்கில் இருந்தவர்களுக்கும், பிறகு காணொளியைப் பார்த்தவர்களுக்கும் நடந்தது தெரியும் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. பேசியவர் நல்லவர், படித்தவர், நம் ஊர்ப் பிள்ளை, என்னைவிட இருபது வயது இளையவர். அவர் பெயரை யாரும் கீழே எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். என் வருத்தம் அவர் திரையில் காட்டிய ஒரு படத்தைப் பற்றியது; அடுத்து, அதற்குக் கிடைத்த கைதட்டலைப் பற்றியது; கடைசியாக, நான் எழுந்து கேட்ட கேள்விக்கு வந்த பதிலைப் பற்றியது. இந்த வரிசையில்தான் வருந்துகிறேன் என்று நானே நம்ப விரும்புகிறேன்.

படத்தில் இருந்தவை இரண்டே எண்கள்: 3.5, 2.3. நடுவில் கீழ்நோக்கிய பச்சை அம்பு ஒன்று. புவி வெப்ப உயர்வைக் கட்டுப்படுத்த 2015இல் நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கைக்கு முன்னால் 3.5 டிகிரி வெப்ப உயர்வை நோக்கிப் போய்க்கொண்டிருந்த உலகம், நாடுகளின் வாக்குறுதிகளால் இன்று 2.3 டிகிரிக்கு வந்துவிட்டது, உடன்படிக்கை எட்ட முயலும் 1.5 டிகிரிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றார். அது வந்துவிட்ட கணக்கா, வருவோம் என்று சொல்லியிருக்கும் கணக்கா என்று கேட்டேன். "அண்ணே, வராக்கடன் எழுதியே பழகின கை உங்களுக்கு. அதான் எதப் பாத்தாலும் வராக்கடனாத் தெரியுது" என்றார். அரங்கு சிரித்தது. நானும் சிரித்தேன், முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவன் வேறென்ன செய்வது?

ஆம், முப்பத்தெட்டு ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன்தான். அந்தப் பிழைப்பு எனக்குக் கற்றுக் கொடுத்த முதல் விதி, வரும் என்று எதிர்பார்க்கும் இலாபத்தை வந்ததாக எழுதக் கூடாது, வரும் என்று தெரிந்த நட்டத்தை உடனே எழுதிவிட வேண்டும் என்பது. உலக நாடுகளின் காலநிலைக் கணக்கில் இந்த விதி தலைகீழாக நிற்கிறது என்பதைத்தான் அன்று சொல்ல வந்தேன். சொல்ல விடாததால் இங்கே சொல்கிறேன்.

அந்த 2.3 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2025 நவம்பரில் வெளியிட்ட உமிழ்வு இடைவெளி அறிக்கையின் (வெப்பத்தைக் கூட்டும் வாயுக்களைக் குறைக்க வேண்டிய அளவுக்கும் நாடுகள் செய்வதற்கும் உள்ள தூரத்தை அளப்பது) எண் அது. ஆனால் அறிக்கையில் அது தனியாக இல்லை. நாடுகள் அளித்த வாக்குறுதிகள் அனைத்தும் முழுமையாக நிறைவேறினால் இந்த நூற்றாண்டில் வெப்ப உயர்வு 2.3 முதல் 2.5 டிகிரி வரை இருக்கும் என்கிறது அது. இதில் 2.3 என்பது, பிறர் பணமும் தொழில்நுட்பமும் கொடுத்தால் செய்வோம் என்று நிபந்தனையோடு சொன்னவற்றையும் சேர்த்த கணக்கு. நாடுகள் இப்போது உண்மையில் நடைமுறைப்படுத்தி வரும் கொள்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 2.8 டிகிரி. படத்தில் 2.8 இல்லை, 2.5கூட இல்லை. இருப்பவற்றில் மிக அழகான எண்ணைத் தேர்ந்தெடுத்து, "நிறைவேறினால்" என்ற சொல்லைத் துடைத்துவிட்டு, "வந்துவிட்டது" என்று ஒரு வினைமுற்றையும் சேர்த்திருக்கிறார். இலக்கணத்தில் இது காலவழு; கணக்கில் இதற்கு வேறு பெயர் உண்டு, அதை எழுத மாட்டேன்.

அதே அறிக்கையில் ஒரு தணிக்கையாளன் கண்ணில் படாமல் போகாத இன்னொரு குறிப்பும் இருக்கிறது. வாக்குறுதிகள் நிறைவேறினால் என்ற இதே கணக்கை முந்தைய ஆண்டின் அறிக்கை 2.6 முதல் 2.8 என்று காட்டியது. ஓராண்டில் ஏற்பட்ட அந்த முன்னேற்றத்தில் 0.1 டிகிரி கணக்கிடும் முறையைத் திருத்தியதால் வந்தது, இன்னொரு 0.1 டிகிரியை அமெரிக்காவின் வெளியேற்றம் அழித்துவிடும் என்று அறிக்கையே சொல்கிறது. அம்பு ஏன் அவ்வளவு பச்சையாக இருந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

பாரிஸ் உடன்படிக்கை இல்லாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று சொல்வீர்கள். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். 2015இல் 3 முதல் 3.5 டிகிரி வரை போகும் என்று இருந்த பாதை குறைந்திருக்கிறது. அந்த உழைப்பை நான் இகழவில்லை. ஆனால் கடன்காரன் முன்பைவிடப் பெரிய தொகையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்பதற்காக யாரும் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணத் தொடங்குவதில்லை.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இன்றைக்கும் ஒரு கட்டுப் பத்திரங்கள் இருக்கின்றன. ஐயா, என் தாத்தா, பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கொடுத்து வாங்கும் தொழிலுக்கு, போனவர். ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விளைத்தவர்களுக்குக் கடன் கொடுத்து, 1930களின் விலை வீழ்ச்சியில் அவர்களால் கட்ட முடியாமல் போனபோது நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர். (அந்த விவசாயிகளின் பக்கக் கதை வேறு, அதை நியாயப்படுத்த இதை எழுதவில்லை.) 1942இல் குண்டு விழுந்தபோது நடந்தே வந்து சேர்ந்தார், கையில் இந்தக் கட்டுடன். அதன் பிறகு ஆண்டுதோறும் ஐந்தொகை போடும்போது, பர்மாவில் வர வேண்டியது என்று ஒரு தொகையை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். வட்டிகூடச் சேர்த்தார். ஏட்டின்படி நாங்கள் செல்வந்தர்கள். அந்த ஏட்டை நம்பித்தான் இரண்டு அத்தைகளின் கல்யாணத்துக்கு முறைச்சிட்டை (சீர்ப் பட்டியல்) எழுதப்பட்டது; அந்த ஏட்டை நம்பித்தான் வீட்டின் பின்கட்டை அடமானம் வைத்தார்கள். 1964இல் ஒரு நாள் இரவு அப்பச்சி, என் அப்பா, பேரேட்டைத் திறந்து அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. பட்டாலையில் படுத்திருந்த ஐயா எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனதை நான் பார்த்தேன்.

ஆகவே, வராக்கடன் எழுதிப் பழகிய கை என்று சொன்னது சரிதான், தம்பி. எங்கள் வீட்டில் அந்தக் கோட்டை இருபது ஆண்டுகள் தாமதமாகப் போட்டார்கள்.

வாக்குறுதியின் அமைப்பையே பாருங்கள். 1997இன் கியோட்டோ நெறிமுறை, வளர்ந்த நாடுகளுக்கு இன்ன நாடு உமிழ்வை இவ்வளவு குறைக்க வேண்டும் என்று அளவு வைத்தது. நம் பக்கத்து வழக்கில் சொன்னால் அது புள்ளி வரி மாதிரி. கோவில் திருப்பணி என்றால் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று ஊர் முடிவு செய்யும், கட்டாதவர் பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படும். அமெரிக்கா அந்த நெறிமுறையை ஏற்புறுதி செய்யவே இல்லை. கனடா 2011இல் விலகுவதாக அறிவித்தது. அதனால் 2015இல் பாரிஸில் முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு நாடும் தன்னால் முடிந்ததைத் தானே எழுதிக் கொடுக்கலாம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை உயர்த்த வேண்டும், கொடுக்காவிட்டால் தண்டனை கிடையாது. இது புள்ளி வரி அன்று, மொய். மொய் எழுதி ஊருணி வெட்டிய ஊர் ஏதாவது உண்டா?

எழுதுவதற்கே ஆள் வரவில்லை என்பது அடுத்த செய்தி. 2035ஆம் ஆண்டுக்கான புதிய வாக்குறுதிகளைத் தருவதற்கு 2025 பிப்ரவரி 10 வரை கெடு இருந்தது. பெரும்பாலான நாடுகள் தவறவிட்டன. செப்டம்பர் மாத இறுதி வரை நீட்டித்துப் பார்த்தும், உடன்படிக்கையில் உள்ள ஏறத்தாழ 195 தரப்பினரில் 60 பேர்தான் இலக்கைத் தந்திருந்தார்கள் அல்லது அறிவித்திருந்தார்கள். சீனா உச்ச அளவிலிருந்து 7 முதல் 10 விழுக்காடு குறைப்பதாகச் சொன்னது. தேவை எவ்வளவு? 1.5 டிகிரிக்குள் நிற்க, 2019இன் அளவிலிருந்து 2035க்குள் உலக உமிழ்வு 55 விழுக்காடு குறைய வேண்டும். 2 டிகிரிக்கே 35 விழுக்காடு குறைய வேண்டும். நடந்தது என்ன? 2024இல் கரியமில வாயுவோடு மற்றப் பசுங்குடில் வாயுக்களையும் சேர்த்த உமிழ்வு கூடி 5,770 கோடி டன்னைத் தொட்டது. அதே 2024தான், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் வெப்பம் பதிவான முதல் நாட்காட்டி ஆண்டு. உலக வானிலை அமைப்பு 1.55 என்றது. ஓராண்டு தாண்டியதால் உடன்படிக்கை முறிந்துவிட்டதாகப் பொருளில்லை, நீண்டகாலச் சராசரிதான் அளவுகோல் என்பதை அறிவேன். யாரும் எனக்கு அதை விளக்க வேண்டாம்.

கரியமில வாயு ஓராண்டோடு கழிந்துபோகும் செலவு அன்று. பல நூறாண்டுகள் தங்கும் அசல். 1.5 டிகிரிக்குள் நிற்பதற்குச் சரிபாதி வாய்ப்பாவது வேண்டுமென்றால், 2025இன் தொடக்கத்திலிருந்து நாம் வெளியிடக்கூடிய கரியமில வாயு மொத்தமே ஏறத்தாழ 13,000 கோடி டன் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 4,000 கோடி டன்னுக்கு மேல் வெளியிடுகிறோம். வகுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுச் சரக்கு கையில் இருக்கும்போது, நிகர உமிழ்வைச் சுழியாக்க 2050, 2060, 2070 (கடைசியது இந்தியாவின் தவணை) என்று தவணை போட்டுக் கைச்சாத்திடுகிறார்கள். அதை நாம் கைதட்டி வரவில் எழுதுகிறோம்.

"அப்படியானால் இந்தியாவைக் குறை சொல்கிறாயா?" என்று ஒருவர் காணொளியின் கீழே கேட்டிருந்தார், இன்னொருவர் நான் வெளிநாட்டுப் பணத்தில் பேசுவதாகவே எழுதிவிட்டார். வெளிநாட்டுப் பணம் வரும் என்று காத்திருந்த குடும்பம்தான், ஐயா, வரவில்லை என்று மேலேயே எழுதிவிட்டேன். ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியர் 2 டன்னுக்கு. இருநூறு ஆண்டுகளாகக் கரியை எரித்து வீடு கட்டிக்கொண்டவர்கள், நேற்றுத்தான் மின்விளக்கு கண்டவனைப் பார்த்து விளக்கை அணை என்று சொல்வது அநியாயம். அவர்கள் 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில், ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். 2020க்குள் வர வேண்டியது, 2022இல்தான் வந்து சேர்ந்தது, அதிலும் பெரும்பகுதி கடனாக. ஏழை நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் கேட்டபோது, 2024இல் பாக்கூ மாநாட்டில் 30,000 கோடி டாலர் என்று முடித்தார்கள், அதுவும் 2035க்குள். இவர்களை நம்பித்தான் அந்த 2.3 நிற்கிறது. அமெரிக்காவோ, நுழைந்து, விலகி, 2021இல் மீண்டும் நுழைந்து, 2025 சனவரியில் மீண்டும் விலகும் உத்தரவில் கையெழுத்திட்டது. இப்படி ஒரு கடனாளிக்கு நம் பகுதியில் எந்தக் கடையிலாவது பற்று எழுதுவார்களா?

ஆகவே அநீதியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அவன் ஏட்டில் பொய் இருக்கிறது என்பதால் நம் ஏட்டைப் பார்க்கக் கூடாது என்றாகிவிடுமா? நம் 2022 வாக்குறுதி, பொருளாதார உற்பத்தியில் ஓர் அலகுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற விகிதத்தை 2030க்குள் 2005இன் அளவிலிருந்து 45 விழுக்காடு குறைப்பது. நல்ல இலக்குதான், 2020க்குள்ளேயே 36 விழுக்காடு குறைத்துவிட்டோம். ஆனால் அது விகிதம். வட்டி விகிதம் குறைந்து அசல் பெருகினால் கட்ட வேண்டிய தொகை கூடத்தான் செய்யும். மின் உற்பத்தித் திறனில் பாதி, படிம எரிபொருள் அல்லாதது என்ற இலக்கை 2025இலேயே, ஐந்து ஆண்டுகள் முன்னதாக எட்டினோம். பெருமைப்படலாம், நானும் பட்டேன். திறன் பாதி என்றாலும், உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. சட்டியின் கொள்ளளவு வேறு, சட்டியில் இருக்கும் சோறு வேறு. இதைச் சொன்னால் தேசத்துரோகம் என்றால், தணிக்கை செய்கிற ஒவ்வொருவனும் துரோகிதான்.

தொழில்நுட்பம் காப்பாற்றிவிடும் என்பவர்களுக்கு அதிகம் சொல்வதற்கில்லை. காப்பாற்றட்டும். மின்கல ஆய்வு செய்யும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, அதன் வாசல் வழியாகத்தான் நான் பல ஆண்டுகள் வேலைக்குப் போனேன். அந்த ஆய்வகம் எப்படி வந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இங்கே அமைத்தால் தருகிறேன் என்று சொன்ன அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்ச ரூபாயையும் கொடுத்தார்; 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. சொன்னவரே, உயிரோடு இருக்கும்போதே, கொடுத்தார். 2070க்கு என்று எழுதிவைக்கவில்லை.

2070இல் என் பேத்திக்கு நாற்பத்தொன்பது வயது இருக்கும். எனக்கு நூற்றுப்பன்னிரண்டு. அன்று கைதட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் என் வயதினர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு முடிக்கும் நாளில் எங்களில் ஒருவரும் இருக்க மாட்டோம் என்பதால் கைகள் அவ்வளவு தாராளமாக இருந்தனவோ என்னவோ. கடைசியாக, "உன் வீட்டில் குளிரூட்டி (ஏசி) இல்லையா?" என்று கேட்டவருக்கு: இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் வாங்கினேன். கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் முற்றமும் ஆத்தங்குடிக் கல் தரையுமாக, வெயில் தெரிந்தவர்கள் கட்டிய வீடு இது. சித்திரையிலும் இரண்டாங்கட்டில் பாய் விரித்தால் குளிர்ந்திருக்கும் என்று சொல்லி வளர்த்தார்கள். இப்போது இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடுகிறது. ஆத்தாவுக்கு, என் அம்மாவுக்கு, தொண்ணூறு வயது. வாங்கினேன். அதற்காக எண்ணைத் தவறாகச் சொல்பவரைத் திருத்தும் தகுதியை நான் இழந்துவிட்டேன் என்றால், சரி, இழந்தவனாகவே கேட்கிறேன்.

நேற்று இரவு அவரே அழைத்தார். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க, சபையில சும்மா சொன்னது" என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அந்தப் படத்தில் 2.5ஐயும் 2.8ஐயும் சேர்த்து, "நிறைவேறினால்" என்ற ஒரு சொல்லையும் போட முடியுமா என்று கேட்டேன். "அடுத்த கூட்டத்துல மாத்திடறேண்ணே" என்றார். கூட்டம் எந்தத் தேதியில் என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.