ஆறின ரசத்துக்கு 18%

நேத்து நண்பர்களோட ஒரு நட்சத்திர ஹோட்டல்ல ஏழு கோர்ஸ் டின்னர். மெனு கார்டே கிடையாது, எல்லாம் சர்ப்ரைஸாம். மூணாவதா வந்தது ரசம்! சின்ன கண்ணாடிக் குவளையில ரெண்டு மடக்கு, மேல நுரை, ஒரேயொரு கறிவேப்பிலை. மிளகு வாசம் மூக்கைத் துளைக்குது. எடுக்கப் போனா, "டேய், தொடாத!"ன்னு ஒருத்தன் கத்துறான். மாறி மாறி போட்டோ. வெளிச்சம் பத்தலன்னு என்னை டார்ச் பிடிக்க வேற வெச்சாங்க. குடிக்கும்போது நுரை அடங்கி, ரசம் பச்சத் தண்ணி. ஏழு தட்டுக்கும் இதே கூத்து. ஐஸ்கிரீம் பாயசமாவே ஆகிடுச்சு.

அறை வாடகை 7,500 ரூபாய் தாண்டுற ஹோட்டலாம், அதனால சாப்பாட்டுக்கும் 18% ஜிஎஸ்டி. வீட்டுக்கு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு தயிர் சாதம் பிசைஞ்சேன். குரூப்புல போட்டோ இன்னும் கொட்டுது. ஒண்ணுலகூட நான் இல்ல, டார்ச் பிடிச்ச கை மட்டும் இருக்கு.