காசை உருக்கியவர்களுக்கும் வாய்மூடி இருந்தவர்களுக்கும்

கரூர்ப் பக்கத்தில், அமராவதி ஆற்று மணலிலேயே ரோமானியக் காசுகள் அகப்பட்ட ஊர்களில், வீடு கட்ட வானம் தோண்டுகிறவர்களுக்கு மண்ணுக்கடியில் என்ன கிடக்கலாம் என்பது தெரியாத செய்தி அல்ல. அப்படியிருந்தும் எங்கள் தெருவில் போன மாதம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நாலடி ஆழத்தில் பொக்லைன் வாளி ஒரு கலயத்தை நொறுக்கியது. ஓடுகளோடு கறுத்த வெள்ளிக் காசுகளும் சிதறின. ஒன்றை வாங்கி ஈர மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தேன். ஒரு பக்கம் இலைமாலை சூடிய திபேரியஸ் மன்னனின் தலை; மறுபக்கம் கையில் கோலும் கிளையுமாக இருக்கையில் அமர்ந்த ஒரு பெண். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மூக்கு மழுங்கியிருக்கவில்லை. "வெளிய சொல்லிப்போடாதீங்கண்ணா, எடத்தப் புடுங்கிக்குவாங்க" என்றார் வீட்டுக்காரர். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம் என்று நான் மன்றாடிக்கொண்டிருந்தபோதே காசுகள் பட்டறைக்குப் போய்விட்டன. ஒரு காசு நான்கு கிராம்கூட எடை இராது. எடை போட்டுப் பணம் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் உருக்கிவிட்டார்கள்.

நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று இவர்களுக்கு யார் சொன்னது? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்கச் சொல்கிறது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அதே சட்டத்தின்படி, அரசு புதையலை எடுத்துக்கொள்ளும்போது அந்த உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வரலாற்றை உலோக விலைக்கு மதிப்பிடும் சட்டம் என்பதே எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தாலும் பட்டறையில் கிடைத்ததைவிட அதிகம் கிடைத்திருக்கும். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும் அலுவலகம் எத்தனையோ தாள்களில் கையெழுத்து வாங்குகிறது. இந்த இரண்டு வரியை அச்சடித்து ஒரு தாள் கொடுக்க அதற்கு ஏன் மனம் வரவில்லை?

போனது வெள்ளி மட்டுமன்று. புதுக்கோட்டைப் பகுதியில் 1898ஆம் ஆண்டு கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் மன்னர் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருந்தது; காசுகள் உருக்கப்படாமல் தப்பியதால்தான் ஏன் வெட்டினார்கள் என்று இன்றும் அறிஞர்கள் விவாதிக்க முடிகிறது. எங்கள் தெருக் கலயத்தில் எத்தனை காசுகள் இருந்தன, எந்தெந்த மன்னருடையவை, அது ஒரு வீட்டின் தரைக்கடியில் புதைக்கப்பட்டதா, வணிகர் எவரேனும் வழியில் ஒளித்துவைத்ததா என்று இனி யாரிடம் கேட்பது? எந்த மண்ணடுக்கில், எந்த ஓடுகளோடு கிடந்தது என்று பார்த்துச் சொல்லக்கூடியவர் வந்து இறங்குவதற்கு ஒரே ஒரு நாள் வேலையை நிறுத்தியிருந்தால் போதும். மறுநாள் காலையில் ஓடுகளையும் ஜல்லியோடு குழிக்குள் தள்ளி, மேலே கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள்.