ஸ்டாக் ரேங்கிங்கை நீக்கியவர் நாதெல்லா அல்ல

"மைக்ரோசாஃப்டில் ஸ்டாக் ரேங்கிங்கை ஒழித்தது சத்யா நாதெல்லா, இப்போது அங்கே யாரும் யாரோடும் போட்டி போட வேண்டியதில்லை" என்று சொல்லப்படுவதில் இரண்டு பாதியுமே தவறு.

ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் அந்த முறை நீக்கப்பட்டது 2013 நவம்பரில். ஸ்டீவ் பால்மர் அப்போதும் தலைமைப் பதவியில்தான் இருந்தார்; மனிதவளத் தலைவர் லிசா பிரம்மெல் ஊழியர்களுக்கு எழுதிய மடலில் அறிவித்தார். நாதெல்லா தலைமைப் பொறுப்பேற்றது 2014 பிப்ரவரியில்.

பழைய முறையில் 1 முதல் 5 வரை மதிப்பெண்; 1 என்றால் முதலிடம், 5 என்றால் கடைசி. நூறு பேர் என்றால் 20, 20, 40, 13, 7 என்று பிரித்தே ஆக வேண்டும். பத்துப் பேர் குழுவில் 7 சதவீதம் என்பது ஓர் ஆள்கூட இல்லை. அதனால் பல குழுக்களைச் சேர்த்து, மேனேஜர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ஆளுக்கு ஆள் பேரம் பேசுவார்கள். எல்லாரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் கடைசி இடத்துக்கு ஒருவர் வேண்டும். கெட்டிக்காரர்கள் ஒரே குழுவில் சேரத் தயங்கியது இதனால்தான். என்னைக் கேட்டால், அதன் மிகப் பெரிய கேடு அதுவே.

மதிப்பெண் போனது, போனஸ் பணத்துக்கு வரம்பு போகவில்லை. அதை மேனேஜர்தான் பங்கிடுகிறார், ஒப்பீடும் தொடர்கிறது. ஊழியர் தன் வேலையைத் தானே மதிப்பிட்டு எழுதும் 'கனெக்ட்' படிவத்தில் சொந்த வேலையோடு, பிறர் வெற்றிக்கு என்ன செய்தீர்கள், பிறர் செய்ததன்மேல் எதைக் கட்டினீர்கள் என்றும் எழுத வேண்டும். "உதவினேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் குழு, எந்தக் கோளாறு, எத்தனை மணி நேரம் மிச்சம் என்று எழுதினால்தான் உங்கள் மேனேஜர் அதை வைத்து உங்களுக்காக வாதாட முடியும்.