ஆற்றில் விட்ட பூ மீனுக்கு இரையா?

‘சாமிக்குப் போட்ட பூவை ஆற்றில் விடுங்கள், மீனுக்கு இரையாகும், தண்ணீருக்குக் கெடுதல் இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. குவியலாக விழும் பூ அழுகும்போது, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும். மூச்சு முட்டுவது மீனுக்குத்தான். செடியில் அடித்த பூச்சிமருந்தின் மிச்சமும் கூடவே இறங்கும்.

மாலையைப் பிரித்துப் பாருங்கள்: நைலான் நூல், ஜிகினா, சில சமயம் பாலிதீன் பையோடு ஒரு முடிச்சு. எல்லா மாலையும் வாழைநாரில் கட்டியதல்ல.

குப்பையில் போட மனம் வராதா? சரி. கான்பூரில் 2017இல் தொடங்கிய ‘ஃபூல்’ நிறுவனம் கோயில் பூக்களைச் சேகரித்துக் கரி சேர்க்காத ஊதுபத்தி செய்கிறது. தோலுக்கு மாற்றாக ‘ஃப்ளெதர்’ என்ற பொருளையும் உருவாக்கியது. வீட்டிலென்றால் நூலை உருவிவிட்டு, இதழ்களைக் காய்ந்த இலையோடு கலந்து மக்கவிடுங்கள். ஈரம் மிஞ்சினால் நாறும்.