வேலி தாண்டி விழுந்த முயல் யாருக்குச் சொந்தம்?

'நம்ம பட்டா நிலத்தில் அடிபட்ட முயலோ கவுதாரியோ பக்கத்துத் தோப்பில் போய் விழுந்தால் அடித்தவருக்கே சொந்தம், உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சாயல்குடி, தொண்டிப் பக்கமும் இப்படிப் பேசுவார்கள். ஆனால் சட்டம் அப்படி இல்லை, அண்ணே.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. சட்டமே சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, சொந்த நிலம் என்பதற்காகச் சலுகை கிடையாது. முயலும் கவுதாரியும் பாதுகாக்கப்பட்டவைதான். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்றில்லை. சீமைக்கருவேலத் தூருக்கடியில் முயல் தடம் பார்த்துக் கட்டும் கம்பிச் சுருக்கும் வேட்டைதான், எதுவும் மாட்டாவிட்டாலும்கூட.

அப்புறம் 39ஆம் பிரிவு. சட்டத்தை மீறி வேட்டையாடிய விலங்கு மாநில அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். ஆக, பனந்தோப்புக்காரர் 'சரி, எடுத்துக்கோப்பா' என்றாலும், கொடுக்க அது அவருடையது இல்லை. கேட்காமல் நுழைந்தால் வரும் தகராறு தனிக் கணக்கு.

என் பேச்சை நம்ப வேண்டாம். மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இந்தச் சட்டத்தைத் தேடி 2(16) (வேட்டை என்றால் என்ன என்று சொல்வது), 9, 39 மூன்று பிரிவுகளையும் படித்துப் பாருங்கள். 2022 திருத்தத்தில், பாதுகாக்கப்பட்ட விலங்குகளைப் பட்டியலிடும் அட்டவணைகள் மாறிவிட்டதால் பழைய புத்தகப் பிரதி உதவாது. இல்லையென்றால் ராமநாதபுரத்தில் வனத்துறை அலுவலகத்திலேயே கேட்கலாம்.