கரை எத்தனை அடி என்று கேட்பவர்கள் கலுங்கு எத்தனை அடி என்று கேட்பதில்லை

ஆடி, ஆவணியில் தென்மாவட்டப் புஞ்சைக் காடுகளில் ஜேசிபி சத்தம் ஓயாது. ஐப்பசி மழைக்குள் சொந்தப் பட்டா நிலத்தில் ஒரு குட்டைக்குக் கரையைப் போட்டு, காட்டில் விழுகிற தண்ணீரைக் காட்டிலேயே தேக்கிவிட வேண்டும் என்ற அவசரம். நியாயமான அவசரம்தான். ஆனால் பேச்சு முழுக்கக் கரை எத்தனை அடி, மணி வாடகை எவ்வளவு என்பதிலேயே முடிந்துவிடுகிறது. குட்டை நிரம்பி மிஞ்சும் தண்ணீர் வழிந்து வெளியேறும் வாய்தான் கலுங்கு. அது எங்கே, எத்தனை அடி அகலம் என்று கேட்டால் "தண்ணி வந்தாப் பாத்துக்கலாம்" என்கிறார்கள். தண்ணீர் வந்த பிறகு பார்ப்பதற்குக் கரை இருக்காது.

ஒழுங்காகக் கட்டிய மண்கரை தன்மேல் சாய்ந்து நிற்கும் தண்ணீரைத் தாங்கும். தன் தலைமேல் ஏறி வழிகிற தண்ணீரைத் தாங்காது. நாலு விரல் தண்ணீர் மேலே ஏறி வெளிச்சரிவில் இறங்கினாலே போதும், முதலில் கீறல், பிறகு வாய்க்கால், பிறகு உடைப்பு. அதனால் மண்கரைக்கு முதலில் தீர்மானிக்க வேண்டியது கலுங்கைத்தான். குட்டைக்குத் தண்ணீர் ஓடி வரும் நிலம், அதாவது வடிநிலம், 10 ஏக்கர் என்று வையுங்கள். அதில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டி, அதில் பாதி ஓடி வந்தால், நொடிக்கு ஏறத்தாழ 550 லிட்டர் வரும். அதை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் வெளியேற்ற, கலுங்கின் வாய் குறைந்தது 4 மீட்டர் இருக்க வேண்டும். பெரும்பாலான காடுகளில் இருப்பது ஒரு சிமென்ட் குழாயோ, மண்வெட்டியால் கீறிவிட்ட இரண்டடி வாய்க்காலோதான். கலுங்கைக் கரையின் நடுவில் வெட்டாதீர்கள். கரை முடியும் ஓரத்தில், கை படாத கெட்டி மண்ணில் அமையுங்கள். தரையைச் சமமாக இழைத்து அருகம்புல் பிடிக்க விடுங்கள். கலுங்குத் தரைக்கும் கரைத் தலைக்கும் இடையில், மண் அமுங்கி முடிந்த பிறகும், 2 அடி வித்தியாசம் நிற்க வேண்டும்.

உயரத்தின் மேல் இருக்கிற ஆசைக்கும் ஒரு கணக்கு உண்டு. தலை அகலம் 2 மீட்டர், உள்சரிவு ஒன்றுக்கு இரண்டரை (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டரை மீட்டர் பக்கவாட்டில்), வெளிச்சரிவு ஒன்றுக்கு இரண்டு என்று வைத்தால், 2 மீட்டர் உயரக் கரையின் அடி 11 மீட்டர் பரவும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 13 கனமீட்டர் மண் வேண்டும். அதே கரையை 3 மீட்டராக்கினால் அடி பதினைந்தரை மீட்டர், மண் 26 கனமீட்டர். ஒரு மீட்டர் உயர்த்த மண் இரண்டு மடங்கு. இந்தச் செலவைக் கண்டதும் சரிவைச் செங்குத்தாக்கி மண்ணை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். நீர் குறையும்போது நனைந்த உள்சரிவு அப்படியே சரிந்து விழுவது அங்கேதான். தாழ்ந்த கரையும் அகன்ற நீர்ப்பரப்பும்தான் சின்ன விவசாயிக்கு ஏற்றது.

அடித்தளத்துக்கு வருவோம். கரை வரும் தடம் முழுக்க அரை அடி மேல்மண்ணை, புல்லும் வேருமாக, வழித்து எடுத்துவிட வேண்டும். அந்த மண்ணைக் கரைக்குள் போடாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் வெளிச்சரிவில் பரப்பினால் புல் நன்றாகப் பிடிக்கும். கரையின் நடுக்கோட்டில் 4 அடி அகலத்துக்கு ஒரு பள்ளம் தோண்டி, தண்ணீர் விடாத கெட்டிக் களிமண் தட்டும் வரை இறங்கி, அதைக் களிமண்ணாலேயே நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். இந்தப் பள்ளத்தை விட்டுவிட்டால் தண்ணீர் கரைக்கு அடியில் உள்ள மணல் அடுக்கு வழியாக நழுவிப் போகும். தை மாதம் குட்டை காய்ந்து கிடப்பதைப் பார்த்துக் கரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஜேசிபி மண்ணைக் கொட்டிப் பக்கெட்டால் நாலு தட்டு தட்டுவதைப் பலரும் கெட்டிப்பது என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் அதிகக் கரைகளை உடைக்கிறது. மண்ணை அரை அடிக் கனத்துக்குப் பரப்ப வேண்டும், கட்டிகளை உடைக்க வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும், அதன் மேல் ஆட்டுக்குளம்பு ரோலரையோ (உருளையில் குளம்பு போன்ற முளைகள் உள்ளது), அது கிடைக்காத ஊரில் பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரையோ எட்டுப் பத்து முறை ஓட்ட வேண்டும். பிறகுதான் அடுத்த அடுக்கு. ஈரத்துக்கு எளிய சோதனை உண்டு. மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பென்சில் கனத்துக்கு உருட்டுங்கள். அதற்கு முன்பே உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் பிசுபிசுவென ஒட்டினால் அதிகம். பென்சில் கனத்துக்கு வந்து அப்போதுதான் விரிசல் விட ஆரம்பித்தால் சரியான பதம். கோடையில் புழுதியாகக் கொட்டிய கரை முதல் மழையில் அங்கங்கே உட்காரும். தாழ்ந்த இடத்தைத்தான் தண்ணீர் தேடும். நன்றாகக் கெட்டித்த கரையே கொஞ்சம் அமுங்கும் என்பதால், பத்தில் ஒரு பங்கு உயரத்தைக் கூடுதலாக வைத்து முடிப்பது நல்லது.

எல்லாக் களிமண்ணும் கரைக்கு ஆகாது. உலர்ந்த மண்ணில் சுண்டைக்காய் அளவு கட்டியை, ஒரு கண்ணாடி டம்ளர் மழைநீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரிலோ மெல்ல இறக்கி வையுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு மண்ணின் குணத்தை மறைத்துவிடும். கட்டி உதிர்ந்து விழுந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதைச் சுற்றிப் பால் கலந்தது போல ஒரு கலங்கல் பரவினால், அது சோடியம் மிகுந்த களர் மண். கசியும் தண்ணீரில் அது கரைந்து, கரைக்குள் எலி வளை போலத் துளை போட்டுவிடும். வேறு மண் தேடுங்கள். வழியே இல்லையென்றால் ஜிப்சம் கலந்து கெட்டிக்க வேண்டும்.

கரிசலின் சிக்கல் வேறு. தண்ணீரைப் பிடிப்பதில் அதற்கு நிகர் இல்லை, ஆனால் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்புக்குள் இறங்கினால் கரை உள்ளிருந்தே அறுபடும். கரிசல் கரைக்குச் சரளை கலந்த செம்மண்ணை ஓர் அடிக் கனத்துக்குப் போர்த்திப் புல் வளர்க்க வேண்டும். செம்மண் காட்டில் கரை நிற்கும், தண்ணீர் நிற்காது. அங்கே அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. கீழே கிணறு இருந்தால் குட்டையில் இறங்கிய தண்ணீர் அங்கே ஊறும். பார்வைக்கு வற்றிய குட்டை கிணற்றுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

தண்ணீர் திறந்துவிட, கரைக்குள் பிவிசி குழாய் பதித்து மடை வைப்பதைத் தவிர்ப்பதே நல்லது. குழாயின் அடிவயிற்றில் மண்ணைக் கெட்டிக்க முடியாது, தண்ணீர் அதை ஒட்டியே வழி கண்டுபிடிக்கும். சின்னக் கரைக்கு மோட்டார் போதும், அல்லது கரைமேல் போட்ட சைபன் குழாய். கரையில் மரமும் வேண்டாம். வேம்போ சீமைக்கருவேலமோ பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் குழாயாகிவிடும். வெட்டிவேரும் கொழுக்கட்டைப் புல்லும் போதும். நண்டு வளையையும் எலி வளையையும் கண்ட அன்றே தோண்டிக் கெட்டிக்க வேண்டும்.

வெளிப்பக்கம் கசிந்தால் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் அளவு கூடுகிறதா என்று கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரை மண் போய்க்கொண்டிருக்கிறது. உடனே நீர்மட்டத்தை இறக்க வேண்டும். கசிவு வாயில் களிமண்ணை வைத்து அடைப்பதுதான் வழக்கம், அது தவறு. அடைத்தால் அழுத்தம் கூடிப் பக்கத்தில் வெடிக்கும். மணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று பரப்புங்கள். தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும்.

இவ்வளவும் செய்து என்ன கிடைக்கும்? 100 அடிக்கு 100 அடி, 5 அடி ஆழமுள்ள குட்டையில், சரிவு போக, சுமார் 12 லட்சம் லிட்டர். 5 ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்து ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் 2 லட்சம் லிட்டர்தான் சேரும். நிரம்ப அப்படி ஆறு மழை வேண்டும். நிரம்பிய பிறகு வெயில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் குடித்தாலும் 100 நாளில் அரை மீட்டர் போய்விடும். கசிவும் சேர்த்து, கைக்கு வருவது பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு 2 அங்குலம் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் ஆகும். ஆக, மார்கழியில் மழை நின்று மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் 3 ஏக்கருக்கு ஒரு உயிர்த்தண்ணீர், அதாவது பயிரைக் காப்பாற்றும் ஒரு பாய்ச்சல். அந்த ஒரு தண்ணீரில்தான் மகசூலே இருக்கிறது, அதற்காக இந்தக் குட்டை வேண்டும். இதை நம்பி வாழை வைக்கக் கூடாது.

போர் போட்டு அந்தத் தண்ணீரைக் குட்டையில் நிரப்புவது சேமிப்பே ஆகாது. மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டைகளுக்கு அதுதான் நடந்தது. பூமிக்குள் ஆவியாகாமல், எல்லோருக்கும் பொதுவாக இருந்த நீரை மேலே இறைத்து வெயிலில் வைத்தார்கள். ஆழமாகப் போர் போட முடியாதவரின் கிணறு வற்றியது.

ஊருக்கு வருகிற கேடு இன்னொன்று. நம் கண்மாய்கள் சங்கிலியாக இருப்பவை, ஒன்றின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் தண்ணீர், அடுத்ததன் வரத்து. வரத்துக்காலை மறித்துத் தனிக்கரை போட்டால், கடைக்கண்மாய்க்கு வரவேண்டிய முதல் வெள்ளம் மேலேயே நின்றுபோகும். ஒரு குட்டை எடுப்பது கொஞ்சம்தான், நூறு குட்டை எடுப்பது கண்மாயையே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பல பகுதிகளில், நிலத்தில் ஓடும் சராசரி ஆண்டு நீரில் 10 சதவீதம் வரை மட்டுமே உரிமம் இல்லாமல் தேக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு வரம்பு வேண்டும். அதுவரை, சொந்தக் காட்டில் விழுந்த மழையை மட்டும் தேக்குங்கள், ஓடையைத் தொடாதீர்கள், கலுங்குத் தண்ணீர் பழைய ஓடைக்கே திரும்பும்படி வாய்க்கால் விடுங்கள்.

குட்டை நிரம்பியதும் பலர் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கி இன்னும் அரை அடி ஏற்றுவார்கள். 100 அடிக் குட்டையில் அந்த அரை அடி 1.4 லட்சம் லிட்டர், ஒரு ஏக்கருக்கு முழுதாக ஒரு தண்ணீர்கூட இல்லை. அன்று இரவே இன்னொரு மழை வந்தால் கரை முழுவதும் போகும், கீழ்க்காட்டுக்காரரின் மிளகாய்ச் செடியும் சேர்ந்து போகும். மூட்டை இருந்தால் மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.