கையெழுத்துப் போட மறுத்தவர்

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73ஆவது விநாடியில் சிதறியதும், அதில் இருந்த ஏழு பேரும் இறந்ததும் நமக்குத் தெரியும். ஆலன் மெக்டொனால்ட் என்ற பெயர் அவ்வளவாகத் தெரியாது. முந்தைய நாள் இரவு கென்னடி விண்வெளி மையத்தில் இருந்துகொண்டு, ‘ஏவலாம்’ என்ற தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன மனிதர் அவர். வேலையிடத்தில் துணிச்சல் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

அவர் வேலை பார்த்த மார்ட்டன் தையகால் கம்பெனிதான் ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்தது. ராக்கெட்டின் துண்டுகள் சேரும் இடத்தில் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள் இருக்கும். குளிரில் அவை விறைத்துப்போனால் உள்ளே எரியும் வாயு கசிந்துவிடும். இது உயிர்ச்சேதத்தில் முடியலாம் என்று ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற இன்ஜினியர் 1985 ஜூலையிலேயே மேலிடத்துக்கு எழுதியிருந்தார். ஏவுவதற்கு முந்தைய இரவு நாசாவுடன் நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஏவக் கூடாது என்று கம்பெனியே சொன்னது. அது நம் கணக்கில் சுமார் 12 டிகிரி செல்சியஸ். நாசா தரப்புக்கு எரிச்சல். அப்படியென்றால் ஏப்ரலில்தான் ஏவ வேண்டுமா என்று கேட்டார்கள்.

கம்பெனி அதிகாரிகள் தனியே பேசிக்கொள்ள நேரம் கேட்டார்கள். அந்த அறையில் மூத்த அதிகாரி ஜெரி மேசன், இன்ஜினியரிங் பிரிவின் தலைவர் பாப் லண்டைப் பார்த்து, இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜ்மென்ட் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். லண்ட் மாறினார். சற்று முன்பு வரை ‘வேண்டாம்’ என்றிருந்த அதே மனிதர்தான். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய கஸ்டமர் லைனில் காத்திருக்கிறார், பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலியில் நம்மில் எத்தனை பேர் தாக்குப்பிடிப்போம்?

மெக்டொனால்ட் தாக்குப்பிடித்தார். அவர் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. மூன்று காரணங்களை எடுத்து வைத்தார்: ஓ-ரிங்கும் குளிரும், பிரிந்து விழும் ராக்கெட்டுகளை மீட்க வேண்டிய கப்பல்கள் கொந்தளிக்கும் கடலில் மாட்டியிருப்பது, ஏவுதளத்தில் உறையும் பனிக்கட்டி. விபத்து நடந்தால் விசாரணைக் குழு முன்னால் நின்று பதில் சொல்லும் ஆளாக இருக்கத் தனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னார். கடைசியில் யூட்டா மாநிலத்தில் இருந்த கம்பெனியின் வேறொரு அதிகாரி கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸில் அனுப்பினார்.

துணிச்சல் பிறவிக்குணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. எந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்பதை நெருக்கடி வருவதற்கு முன்பே மனதுக்குள் முடிவு செய்திருக்க வேண்டும். காரணம் கையில் தயாராக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் அந்த நேரத்தில் தைரியத்தைத் தேடினால் கிடைக்காது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் இதைக் கண்ணால் பார்த்தேன். மாதக் கடைசி. லாரி வாசலில் நிற்கிறது. டிஸ்பாட்ச் ஆக வேண்டிய லாட்டில் துளை அளவு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. ‘டீவியேஷன் போட்டு அனுப்பிடலாம்’ என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். அளவு தவறிய சரக்கை ஒப்புதல் எழுதி வாங்கி அனுப்புவதற்குப் பெயர் டீவியேஷன். அதில் கையெழுத்துப் போட வேண்டிய இன்ஸ்பெக்டர், டிப்ளமோ முடித்து வந்த சின்னப் பையன். அவன் பதில் பேசவில்லை. துளையின் அளவைச் சோதிக்கும் பிளக் கேஜை எடுத்து ஒரு பீஸில் நுழைத்துக் காட்டினான். நுழையவே கூடாத ‘நோ-கோ’ பக்கம் தடையில்லாமல் உள்ளே போனது. “நீங்களே போட்டுப் பாருங்க சார்” என்று கேஜை நீட்டினான். மேனேஜர் வாங்கவில்லை, சத்தம் போட்டார். சத்தம் கேட்டு வந்த பிளான்ட் ஹெட் கேஜை வாங்கி, நாலைந்து பீஸில் போட்டுப் பார்த்தார். “லாரி காலியாவே போகட்டும். கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

அடுத்த சில வாரங்களில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். மெஷினில் நிற்கும் ஆட்களே, சந்தேகமான பீஸை ஒளிக்காமல் எடுத்துக்கொண்டு வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அந்தப் பையனின் துணிச்சலைப் பத்து பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பிளான்ட் ஹெட் அன்று சொன்ன அந்த இரண்டு வாக்கியங்கள். 1979இல் இந்தியாவின் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்கள் முன்னால் போய்ப் பழியைத் தான் ஏற்றதை அப்துல் கலாம் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த வருடமே அந்த டீம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்காது என்பதும் தெரியும். விசாரணையில் உண்மையைச் சொன்னதற்காக மெக்டொனால்டையே கம்பெனி பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகுதான் பொறுப்பு திரும்பக் கிடைத்தது. அப்புறம் அவரே ராக்கெட் இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் வேலையை முன்னின்று நடத்தினார். 1988 செப்டம்பரில் ஓடம் மறுபடி பறந்தது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் இருக்கிற நம் ஊர் ஊழியருக்காக எந்த நாடாளுமன்றமும் வராது. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவரைப் பார்த்து ‘தைரியமாக இரு’ என்று உபதேசம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அதனால் மேலே இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்ஜினியர்கள் ஆட்சேபித்த விஷயம் ஏவும் முடிவை எடுத்த நாசாவின் உயர் அதிகாரிகளுக்குச் சொல்லப்படவே இல்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. உங்கள் டீவியேஷன் படிவத்தில், ஒப்புதல் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஆட்சேபம்’ என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதில் யார் எழுதினாலும் அந்தத் தாள் நடுவில் யாரிடமும் நிற்காமல் நேராக உங்கள் மேஜைக்கு வரட்டும். எழுதியவரைக் கூப்பிட்டு, முதலில் கேஜை வாங்கிப் பாருங்கள்.